வழுக்கி விழுந்தா காதுல விழணும்: பழைய ரேடியோ ஸ்டைல்ல ஒரு காமெடி நாடகம் பண்றது எப்படி

சினிமால ஒருத்தர் வாழப்பழத் தோல்ல கால வச்சு விழுந்தா நமக்கு சிரிப்பு வந்துடும், கால் மேல போறதையும் மூஞ்சி போற போக்கையும் கண்ணால பாக்குறோம்ல. அதையே ஆடியோல பண்ணிப் பாருங்க, 'தொப்'னு ஒரு சத்தம் வரும், அவ்ளோதான். விழுந்தது ஆளா அரிசி மூட்டையா யாருக்குத் தெரியும்? நாங்க நாலு பேர் சேர்ந்து முதல் தடவ ஒரு காமெடி ரெக்கார்ட் பண்ணப்ப இதான் ஆச்சு. ஆள் மாடிப்படில உருள்ற சீனுக்கு நிஜமாவே ஒரு பித்தள அண்டாவ மேலேர்ந்து உருட்டி விட்டோம், போன்ல போட்டுக் கேட்டா தெருவுல எவனோ பட்டாசு வெடிக்கிற மாதிரி இருந்துச்சு, கீழ் வீட்டு மாமா வந்து எங்கள திட்டுனது மட்டும் அட்சரசுத்தமா பதிவாகியிருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் இத ஏற்கனவே பண்ணி ஜெயிச்சவங்க எப்படி பண்ணாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். டிவி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, 1930கள்லயும் 40கள்லயும், அமெரிக்கால வாராவாரம் அரை மணி நேர ரேடியோ காமெடிதான் ஊரே உக்காந்து கேக்குற விஷயம், இங்கிலாந்துல பிபிசிலயும் அதே மாதிரிதான். இன்டர்நெட் ஆர்கைவ்ங்கற வெப்சைட்ல நிறைய எபிசோட் சும்மாவே கிடக்கு. பஸ்ல போகும்போது வரும்போது கேட்டுக் கேட்டு, அப்புறம் நாங்களே பண்ணிப் பாத்து சொதப்பி, கடைசில புரிஞ்சது இதுதான்: ரேடியோல விழுறவன் மேடைல விழுறதில்ல, கேக்குறவங்க மண்டைக்குள்ள விழுறான். அதனால சத்தம் பண்றது கடைசி வேல, சத்தத்துக்கு முன்னாடி பேச்சால இடத்த ரெடி பண்றதுதான் பெரிய வேல.

இப்படி விழுறது, அடி வாங்குறதுன்னு வர்ற காமெடிக்கு ஸ்லாப்ஸ்டிக்னு பேரு. அந்த வார்த்தையே ஒரு சத்தக் கருவியோட பேருதான், இது பல பேருக்குத் தெரியாது. 16ஆம் நூற்றாண்டுல இத்தாலில தெருக்கூத்து மாதிரி ஒரு நாடக வகை ஓடிட்டு இருந்துச்சு, கொமேடியா டெல்லார்ட்டேனு சொல்லுவாங்க. அதுல கோமாளி கைல ரெண்டு மெல்லிசான மரப்பட்டைய ஒண்ணா சேத்துக் கட்டின ஒரு கட்டை இருக்கும், அதால சும்மா தட்டினாலே 'பளார்'னு கேக்கும், வாங்குறவனுக்கு வலிக்காது. அந்தக் கட்டைதான் ஸ்லாப்ஸ்டிக். அடி சின்னது, சத்தம் பெருசு. அதனால இந்த வகை காமெடிக்கு கண்ணு கட்டாயம் வேணும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அது காதுலேர்ந்து பொறந்ததுதான்.

முதல்ல ஒரு எபிசோட் கேளுங்கன்னு யாராச்சும் கேட்டா நான் 'ஃபிப்பர் மெகீ அண்ட் மாலி'யத்தான் சொல்லுவேன். 1935ல ஆரம்பிச்சது, ஜிம் ஜோர்டன், மரியன் ஜோர்டன்னு நிஜ வாழ்க்கைலயும் புருஷன் பொண்டாட்டியா இருந்தவங்க நடிச்சது, டான் குவின் எழுதினது. இதுல வர்ற அலமாரி ஜோக் இன்னிக்கும் பாடம் மாதிரி. வீட்டுல ஹால்ல ஒரு அலமாரி இருக்கு, அதுக்குள்ள மெகீ உலகத்துல உள்ள தட்டுமுட்டு சாமான் எல்லாத்தையும் அடச்சு வச்சிருக்காரு. 1940 மார்ச் 5ஆம் தேதி எபிசோட்ல மாலி டிக்ஷனரி தேடி கதவத் தொறக்குறாங்க, அவ்ளோதான், மொத்தமும் சரிஞ்சு மேல விழுது. அதுக்கப்புறம் இது அந்த ஷோவோட அடையாளமாவே ஆயிடுச்சு.

இத நாலு தடவ கண்ண மூடிக் கேட்டுப் பாருங்க, உள்ள என்னென்ன இருக்குன்னு புரியும். அலமாரியத் தொறக்கப் போறாங்கன்னு பேச்சுலயே நமக்குத் தெரிஞ்சுடும், வேணாம் வேணாம்னு இன்னொருத்தர் சொல்லுவாரு, அப்பவே ஸ்டுடியோல உக்காந்திருக்கிற ஆடியன்ஸ் சிரிக்க ஆரம்பிச்சிடும், இன்னும் ஒண்ணுமே விழல. அப்புறம் கைப்பிடி திருகுற சத்தம். அப்புறம்தான் சரிவு. அதுவும் ஒரே 'டமால்' கிடையாது, முதல்ல ஒண்ணு ரெண்டு சாமான், அப்புறம் கனமான கூட்டம், நடுவுல உருள்றது, தகர சாமான், நிக்குதுன்னு நினைக்கும்போது இன்னொரு சுத்து. எல்லாம் அடங்கி ஒரு நொடி அமைதி. அந்த அமைதிக்கு அப்புறம் ஒரு குட்டி மணி 'கிணிங்'. அந்த மணிக்குத்தான் கைதட்டல் கிழியும். அப்புறம் மெகீ ரொம்ப அமைதியா, இந்த அலமாரிய ஒரு நாளைக்கு ஒழுங்குபடுத்தணும்ங்கற மாதிரி ஒரு வரி சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாரு.

அதாவது எச்சரிக்கை, தாமதம், சரிவு, அமைதி, வால் மாதிரி ஒரு குட்டிச் சத்தம், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரு பேச்சு. இந்த ஆறுல எது இல்லேன்னாலும் ஜோக் பாதியா போயிடும். புதுசா பண்றவங்க எல்லாரும் சரிவுக்கே உயிரக் குடுப்பாங்க (நாங்க அண்டாவ உருட்டின மாதிரி), முன்னாடி இருக்குற எச்சரிக்கையையும் பின்னாடி வர்ற அமைதியையும் விட்டுருவாங்க. இன்னொரு விஷயம், ஒவ்வொருத்தரும் அந்த அலமாரிய அவங்கவங்க வீட்டுப் பரண் மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டாங்க. 1959ல வேற நடிகர்கள வச்சு இத டிவிக்குக் கொண்டுபோனாங்க, ஒரு சீசன் கூட முழுசா ஓடல. அதுக்கு நூறு காரணம் இருக்கலாம், ஆனா அலமாரிய கண்ணால பாத்தா அது வெறும் அலமாரிதானேன்னு எனக்கு தோணும்.

சரி, நம்ம நாடகத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒண்ண எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் அதையே இழுத்துட்டுப் போறேன். ஒரு அபார்ட்மென்ட். வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் மூணாவது மாடி ஏறி வர்றாரு, அந்த வீட்டு சார் காரை கேட்டுக்கு குறுக்க நிறுத்திட்டாரு, சாவி வேணும். வீட்டு வாசல்ல செருப்பு ஸ்டாண்ட், காலி தண்ணி கேன், பையனோட குட்டி சைக்கிள், கோலமாவு வச்ச எவர்சில்வர் டப்பா எல்லாம் குவிஞ்சு கிடக்கு. கதவு லேசா தொறந்திருக்கு, உள்ள சரோஜா அக்கா அவங்க அம்மாகூட போன்ல பேசிட்டே காய் நறுக்குறாங்க. கடைசில ஏழுமலை பயந்து பின்னாடி நகந்து இந்த சாமான் மேல விழணும்.

இப்ப அந்த சாமான் எல்லாம் வாசல்ல இருக்குன்னு கேக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு ஏறி வரும்போதே புலம்பணும். "அய்ய... செருப்பு ஸ்டாண்டு, தண்ணி கேனு, சைக்கிளு, இதுல கோலமாவு டப்பா வேற மேல உக்காந்திருக்கு, என்னிக்காவது எவனாவது விழுந்து பல்லு போகப்போவுது." முடிஞ்சது. ஒரே வரில நாலு சாமானையும் மண்டைக்குள்ள அடுக்கிட்டோம், விழப்போறதும் அவருதான்னு பாதி பேருக்கு தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சா சுவாரசியம் போயிடும்னு பயப்படாதீங்க, ரேடியோல தெரிஞ்சாத்தான் சிரிப்பு. அங்க திடீர்னு வர்ற சத்தத்துக்கு சிரிப்பு வராது, "என்னாச்சு?"ங்கற கேள்விதான் வரும். ஆனா ஒண்ணு, "நான் இப்ப செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல நிக்கிறேன், என் கைல டார்ச் இருக்கு"ன்னு பாத்திரம் பேச ஆரம்பிச்சா நாடகம் செத்துடும், நிஜத்துல எவனும் அப்படி பேசமாட்டான். புலம்பல், திட்டு, சண்ட, பேரம், இதுக்குள்ளதான் தகவல ஒளிச்சு வைக்கணும்.

ஆள் உள்ள வர்றதுக்கும் ஒரு சத்தம் குடுங்க. பிபிசில 1939லேர்ந்து 49 வரைக்கும் 'இட்ஸ் தட் மேன் அகெய்ன்'னு ஒரு ஷோ, டாமி ஹேண்ட்லி நடிச்சது, போர் காலத்துல பிரிட்டன் முழுக்க அதத்தான் கேட்டுட்டு இருந்துச்சு. அதுல கதவு தொறக்குற சத்தம் வரும், ஒரு பாத்திரம் வந்து தன்னோட வழக்கமான வசனத்த சொல்லும், நாலு வரி பேசும், கதவு மூடும், போயிடும், அடுத்த ஆள். அந்தக் கதவே ஒரு நடிகர் மாதிரி. நம்ம ஏழுமலைக்கு ரப்பர் செருப்பு 'சளக் சளக்', கூடவே மூச்சு வாங்குறது. சாருக்கு ஷூ, சாவிக்கொத்து ஆட்டுற சத்தம். பின்னாடி சார் வரும்போது பேர் சொல்லவே வேண்டாம், சாவிக்கொத்து போதும்.

சத்தம் எப்படி பண்றதுன்னு கேட்டா, பெரும்பாலும் அடுக்களையிலயே முடிஞ்சிடும். அந்தக் கால ரேடியோ ஸ்டுடியோலயும் அதான் கத. குதிரை ஓட தேங்கா ஓடு, நெருப்பு எரிய செல்லஃபேன் பேப்பர கசக்குறது, பனில நடக்க மக்காச்சோள மாவு மூட்டைய அமுக்குறது, இடி இடிக்க பெரிய தகரத்தத் தொங்கவிட்டு ஆட்டுறது. எலும்பு முறிய செலரித் தண்ட ஒடிப்பாங்க, நான் முருங்கக்காய ஒடிச்சேன், பிஞ்சா இருந்தா வராது, நல்லா வெறப்பா இருக்கணும். இதுல கத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, நிஜ சத்தம் நிஜமா கேக்காது. எங்க அண்டா பட்டாசானது அதனாலதான். மைக்குக்கு ரொம்ப பெரிய சத்தம் குடுத்தா அது நசுங்கி 'பட்'னு ஆயிடும். அதே சீன நாங்க ரெண்டாவது தடவ ஒரு டிபன் பாக்ஸையும் ரெண்டு கரண்டியையும் ஒரு தலகாணி மேல மெதுவா உருட்டி, போன கிட்டக்க வச்சு எடுத்தோம், அது மாடிப்படி மாதிரியே இருந்துச்சு.

இதுல எனக்கு ரொம்ப ஆறுதலான கத ஸ்பைக் மில்லிகனோடது. ஆளு நம்ம இந்தியால, அகமதுநகர்ல 1918ல பொறந்தவரு, 1951லேர்ந்து 1960 வரைக்கும் பிபிசில ஓடின 'கூன் ஷோ'வ பெரும்பாலும் அவருதான் எழுதினாரு, பீட்டர் செல்லர்ஸும் ஹாரி சீக்கோம்பும் கூட நடிச்சாங்க. ஒரு தடவ கொழகொழன்னு ஏதோ வந்து அடிக்கிற சத்தம் வேணும்னு கேன்டீன்ல கஸ்டர்ட் வாங்கி சாக்ஸுக்குள்ள ஊத்தி பலகைல அடிச்சுப் பாத்தாராம், சத்தம் சரியா வரவே இல்லையாம். அவருக்கே வரல, நமக்கு முதல் தடவையே வந்துடுமா என்ன.

கூன் ஷோல இன்னொரு முக்கியமான பாடம் இருக்கு. ரேடியோல பட்ஜெட்டே கிடையாது. கண்ணுக்கு முடியாதது எல்லாம் காதுக்கு முடியும். ஸ்டான் ஃப்ரீபெர்க்னு ஒரு அமெரிக்கக்காரர், ரேடியோவுக்கு விளம்பரம் பண்ணவே ஒரு துண்டு பண்ணாரு. மிச்சிகன் ஏரித் தண்ணிய எடுத்துட்டு ஹாட் சாக்லேட் ஊத்துறாங்க, 700 அடி உயரத்துக்கு க்ரீம் மலைய உள்ள தள்ளுறாங்க, கனடா விமானப்படை 10 டன் செர்ரிப்பழத்தக் கொண்டுவந்து மேல போடுது, 25,000 பேர் ஆரவாரம் பண்றாங்க, எல்லாம் சத்தத்துலயே. அப்புறம் இத டிவில பண்ணிக் காட்டுங்க பாப்போம்னு ஒரு கேள்வி. நீங்களும் அபார்ட்மென்ட் வாசல்லயே நிக்கணும்னு இல்ல. ஆனா முதல் நாடகத்துக்கு வாசல் போதும்னுதான் நான் சொல்லுவேன், ஏரிய அப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப வார்த்த வெளையாட்டு. இங்கதான் தமிழ்ல எழுதுறவங்க நிறைய பேர் தடுக்கி விழுறாங்க, ஏன்னா இங்கிலீஷ் ஜோக்க அப்படியே தமிழ்ல இறக்கப் பாக்குறாங்க.

அபாட் அண்ட் காஸ்டெல்லோன்னு ஒரு அமெரிக்க காமெடி ஜோடி, அவங்களோட பேஸ்பால் ஜோக் ரொம்ப பேமஸ், 1938 மார்ச்ல கேட் ஸ்மித்தோட ரேடியோ ஷோல பண்ணி நாடு முழுக்க தெரிஞ்சுது. ஒரு டீம்ல ஆளுங்க பேரே யாரு, என்ன, தெரியாது அப்படின்னு இருக்கு. ஒருத்தரு பேர சொல்றாரு, இன்னொருத்தரு அத கேள்வின்னு நினைக்கிறாரு. அதுல கவனிக்க வேண்டியது, ரெண்டு பேருமே பொய் சொல்லல, ரெண்டு பேரும் முட்டாளும் இல்ல. அவரவர் பக்கத்துல அவரவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. கேக்குற நமக்கு மட்டும் ரெண்டு பக்கமும் தெரியும். ஒருத்தன முட்டாளாக்கி பண்ற ஜோக் ஒரு நிமிஷம் தாங்கும், ரெண்டு பேரும் சரியா இருக்கிற ஜோக் ஆறு நிமிஷம் தாங்கும். கூடுதலா ஒரு தகவல், ரேடியோவுக்கு வந்தப்ப அவங்க ரெண்டு பேர் குரலும் ஒரே மாதிரி இருந்து யாரு பேசுறதுன்னு புரியலேன்னு காஸ்டெல்லோ சின்னப்பையன் மாதிரி குரல ஏத்திப் பேச ஆரம்பிச்சாரு. நீங்களும் ஆள் பிடிக்கும்போது நடிப்பு பாக்குறதுக்கு முன்னாடி குரல் வித்தியாசத்த பாருங்க.

தமிழ்ல இத பண்ண ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கு, வினைச்சொல். இங்கிலீஷ்ல வினைச்சொல்ல வச்சு ஆளா பொருளா, ஆணா பொண்ணான்னு சொல்லமுடியாது. நம்மகிட்ட வந்தான், வந்தா, வந்தாரு, வந்துச்சுன்னு வால் ஆடி காட்டிக்குடுத்துடும். தங்கம்னு ஒரு பாட்டி பேர வச்சு எழுதுறோம்னு வைங்க. நகைக்கடன் குடுக்குற ஆள் போன் பண்றாரு, எடுத்தவரு பாட்டியோட பேரன்.

"சார், வீட்ல தங்கம் இருக்கா?"
"இருக்கே."
"எவ்ளோ பழசு சார்?"
"எழுவத்தஞ்சு வருஷம்."
"அடேங்கப்பா. எடை?"
"அறுவது கிலோ இருக்கும். முன்ன எழுவது, சுகர் வந்தப்புறம் குறைஞ்சிடுச்சு."
"சார்... லாக்கர்லயா வச்சிருக்கீங்க?"
"லாக்கர்லயா? மூச்சு முட்டிடாது?"

இதுல எங்கயுமே 'இருக்காங்க', 'தூங்குறாங்க'ன்னு வரல பாருங்க. 'இருக்கா'வும் 'இருக்கே'வும் ரெண்டுக்கும் பொருந்தும். ஒரு இடத்துல "தங்கம் தூங்குறாங்க"ன்னு வாய் தவறி எழுதிட்டீங்கன்னா அந்த நொடியே போன் பண்ணவருக்கு விஷயம் புரிஞ்சிடணும், புரியலேன்னா அவன் முட்டாள், ஜோக் காலி. அதனால எழுதி முடிச்சதும் ஒரு பேனா எடுத்து வினைச்சொல் எல்லாத்தையும் சுழிச்சுப் பாருங்க. வினையே இல்லாத பதில் இன்னும் நல்லது. சம்பந்தமே இல்லாத சுகர்ல வந்து அவரு முழிக்கிறதுக்கு மட்டும் ஒரு ரெண்டு நொடி விடுங்க.

நம்ம ஏழுமலை நாடகத்துக்கு நான் எடுத்துக்கிட்டது 'அவரை'. எழுதினா அவரைக்காயும் அவரையும் (அந்த மனுஷரையும்) ஒரே எழுத்து, பேசினா ரெண்டும் 'அவர'. கடவுள் குடுத்த வரம்.

சரோஜா: (கத்தி சத்தம், டக் டக் டக்) "ஆமாம்மா, அவரதான் நறுக்கிட்டு இருக்கேன்."
ஏழுமலை: (மெதுவா) "அவரயா?"
சரோஜா: "காலையிலயே கழுவி வச்சிட்டேன். பொடிசாத்தாம்மா வெட்டுறேன், பெருசா இருந்தா பசங்க தட்டுலயே ஒதுக்கிடுதுங்க."
ஏழுமலை: "பசங்களுக்கு வேறயா!"
சரோஜா: "பாதி இன்னிக்கு போதும். மீதிய ஃப்ரிட்ஜ்ல வச்சிடுறேன்."
(குக்கர் விசில்)

இதுக்கும் ஒரு சட்டம் இருக்கு. 'அவர' செயப்படுபொருளா இருக்குற வரைக்கும்தான் மனுஷனும் காயும் ஒண்ணு. அவர நறுக்கினேன், அவர கழுவினேன், அவர வேக வச்சேன், எல்லாம் ஓகே. "அவர முத்திப்போச்சு"ன்னு எழுவாயா வந்துச்சோ, முடிஞ்சது, மனுஷன்னா 'அவரு' ஆயிடும். நான் முதல் டிராஃப்ட்ல ஆசப்பட்டு முத்திப்போச்சு ஜோக் வச்சேன், படிக்கும்போது எல்லாருக்கும் பிடிச்சுது, நடிச்சுப் பாத்தப்ப ஏழுமலையா நடிச்சவரே "அண்ணே இங்க இவனுக்கு தெரிஞ்சிருமே"ன்னாரு. தூக்கிட்டேன், இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

சிலேடைல வார்த்தைய பிரிச்சுப் பாத்தா வேற அர்த்தம் வர்றது ஒரு வகை, காளமேகம் காலத்துலேர்ந்து நம்மாளுங்க இதுல கில்லாடி. அந்த வகை பேப்பர விட காதுக்குத்தான் நல்லா எடுபடும், ஏன்னா பேச்சுல வார்த்தைக்கு நடுவுல இடைவெளி கேக்காது. ஆனா ரொம்ப யோசிச்சு புரிஞ்சிக்க வேண்டிய சிலேடைய ரேடியோல வைக்காதீங்க, கேக்குறவங்க திரும்பிப் போய் படிக்க முடியாது, அவங்க யோசிக்கிற நேரத்துல அடுத்த ரெண்டு ஜோக் ஓடிப்போயிடும்.

வார்த்தைய மாத்திப் போடுறது இன்னொரு வழி. 'ஈஸி ஏசஸ்'னு ஒரு ஷோல ஜேன் ஏஸ்னு அந்தம்மா பழமொழிய எல்லாம் ஒரு வார்த்த தப்பா, ரொம்ப நம்பிக்கையா சொல்லுவாங்க, மத்தவங்க திருத்தவே மாட்டாங்க. திருத்தாம விடுறதுலதான் சிரிப்பு. "டாக்டர் என்ன ஸ்கேன் பண்ணாரு, ரிப்போர்ட்ல எல்லாம் நார்த்தங்காயா இருக்குன்னுட்டாரு"ன்னு ஒரு அத்தை சொன்னா "நார்மலா?"ன்னு யாரும் கேக்கக்கூடாது, "அப்ப ஊறுகா போட்டுடலாம்"னு கூட சொல்லக்கூடாது (இதுல நான் எங்க டீம்ல சண்டையே போட்டிருக்கேன்), அடுத்த பேச்சுக்குப் போயிடணும். கிரேசி ஆலன் இன்னும் ஒரு படி மேல, புருஷன் ஜார்ஜ் பர்ன்ஸோட சேந்து பண்ண 'பர்ன்ஸ் அண்ட் ஆலன்' ஷோல அவங்க தப்பா பேசவே மாட்டாங்க, அவங்களுக்குன்னு ஒரு தனி தர்க்கம் இருக்கும், அதுபடி எல்லாம் சரி. ஆரம்பத்துல ஜார்ஜ் பர்ன்ஸ்தான் ஜோக் சொல்றவரா இருந்தாரு, ஆனா கிரேசி சாதாரணமா கேள்வி கேட்டதுக்கே ஜனங்க சிரிச்சாங்க, உடனே ரெண்டு பேரும் இடம் மாத்திக்கிட்டாங்க. உங்க டீம்லயும் யாருக்கு சிரிப்பு வருதுன்னு முதல் ரிகர்சல்லயே பாத்துட்டு கௌரவம் பாக்காம மாத்திடுங்க.

அமைதி பத்தி தனியா சொல்லணும். ஜாக் பென்னின்னு ஒரு அமெரிக்க ரேடியோ காமெடியன், அவரோட ஷோல அவரு பாத்திரம் உலக மகா கஞ்சன். 1948 மார்ச் 28 எபிசோட்ல ஒரு திருடன் துப்பாக்கியக் காட்டி பணமா உயிரான்னு கேக்குறான். பென்னி ஒண்ணும் பேசல. அப்படியே சும்மா இருக்காரு. ஆடியன்ஸ் சிரிக்க ஆரம்பிச்சு பெருசாகுது, திருடன் பொறுமையிழந்து மறுபடி கேக்க, யோசிச்சிட்டு இருக்கேன்யாங்கறாரு. ரேடியோல அமைதின்னா ஸ்டேஷன் செத்துப்போச்சான்னு ஜனங்க பட்டனத் திருப்புற காலம் அது, அதுல ஒரு மனுஷன் சும்மா இருந்தே சிரிக்க வச்சாரு. ஆனா அந்த அமைதி வேல செஞ்சதுக்குக் காரணம் அதுக்கு முன்னாடி பல வருஷமா கட்டின கஞ்சத்தனம். அவரு பணம் வச்சிருக்கிற பாதாள அறைக்கு இறங்கிப்போற சீன் கேளுங்க, காலடி, சங்கிலி, இரும்புக் கதவு, அப்புறம் மணி, விசில், சைரன், கடைசில கப்பல் ஹார்ன். ஒரு கஞ்சனோட மனசையே சத்தமா கட்டிக் காமிச்ச மாதிரி இருக்கும். அவரோட ஓட்ட மேக்ஸ்வெல் காருக்கு மெல் பிளாங்க்னு ஒரு குரல் நடிகர் வாயாலயே இருமி, துப்பி, விக்கி சத்தம் குடுப்பாரு, ரெக்கார்ட் பண்ணி வச்ச சத்தம் ஒரு நாள் சமயத்துல வராமப் போயி அவரு மைக்கப் பிடிச்சதுலேர்ந்து ஆரம்பிச்சதும்பாங்க. உங்க டீம்லயும் வாயால சத்தம் பண்றவன் ஒருத்தன் இருப்பான், ஸ்கூல்ல கடைசி பெஞ்ச்ல உக்காந்திருந்தவன், அவனத் தேடிப் பிடிங்க.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கால ஷோக்கள்ல எல்லாமே எடுத்துக்குற மாதிரி கிடையாது. 'ஆமோஸ் அண்ட் ஆண்டி'ல வெள்ளக்காரங்க ரெண்டு பேர் கறுப்பர்கள் பேசுற மாதிரி பேசி சிரிக்க வச்சாங்க, அது இன்னிக்குக் கேட்டா வயித்தப் பெரட்டும். நம்ம ஊர்லயும் ஒரு வட்டாரப் பேச்சையோ சாதிப் பேச்சையோ இழுத்துப் பேசினாலே காமெடின்னு நினைக்கிற பழக்கம் இருக்கு. ஏழுமலை அண்ணன் பேசுற விதத்துல ஜோக் இல்ல, அவரு கேட்ட விஷயத்துலதான் ஜோக். இத நடிக்கிறவருக்கு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லேன்னா டேக்ல இழுக்க ஆரம்பிச்சிடுவாரு.

எழுதும்போது சத்தத்தையும் ஒரு பாத்திரமா நினைச்சு தனி வரில எழுதுங்க, எத்தன நொடின்னு பக்கத்துல போடுங்க. அஞ்சு நிமிஷ நாடகத்துக்கு பெரிய சரிவு ஒண்ணு போதும், ரெண்டு வச்சா ரெண்டும் வீண். ரெக்கார்டிங்குக்கு ஸ்டுடியோ வேண்டாம், துணி நிறைய உள்ள பீரோவத் தொறந்து வச்சு அதுக்கு முன்னாடி நின்னா எதிரொலி அடங்கிடும், ஃபேன நிறுத்துங்க, போன ஏரோபிளேன் மோட்ல போடுங்க. தூரத்துலேர்ந்து வர்ற ஆள் நிஜமாவே தூரத்துலேர்ந்து பேசிட்டே வரணும், வால்யூமக் குறைச்சா அது தூரமா கேக்காது, குரல் சின்னதான மாதிரிதான் கேக்கும். முடிச்சதும் கதையே தெரியாத ஒருத்தரக் கூப்பிட்டு கண்ண மூடிக் கேக்கச் சொல்லுங்க, என்ன விழுந்துச்சு, யாரு விழுந்தா, எங்கன்னு கேளுங்க. எங்க அத்தைக்குப் போட்டுக் காட்டினப்ப "குக்கர் வெடிச்சிடுச்சா?"ன்னாங்க, அன்னிக்கே முழு சரிவையும் திரும்ப எடுத்தோம்.

கடைசில எங்க சரிவு இப்படித்தான் வந்துச்சு. விசில் சத்தம் கேட்டு ஏழுமலை 'அய்யய்யோ'ன்னு பின்னாடி ஒரு அடி. செருப்பு ஸ்டாண்ட் சாயுது, ஒவ்வொரு செருப்பா விழுது. காலி கேன் படில 'டொம்... டொம்... டொம்'னு மூணு மாடியும் இறங்கிப் போகுது, போகப் போக சத்தம் சின்னதாகுது. அது அடங்குறதுக்குள்ள சைக்கிள். அப்புறம் ஒரு நொடி ஒண்ணும் இல்ல. அப்புறம் கோலமாவு டப்பாவோட மூடி மட்டும் தரைல சுத்திச் சுத்தி 'ங்ங்ங்ங்'னு வேகமாகி டப்னு படுக்குது. படில ஷூ சத்தம், சாவிக்கொத்து.

"என்ன ஏழுமலை, எங்க வீட்டு வாசல்ல படுத்திருக்க?"
(மூணு நொடி)
"சார்... நீங்க முழுசாவா இருக்கீங்க?"

மூடி சுத்துறதுக்கு மட்டும் எங்களுக்கு பதினோரு டேக் ஆச்சு, டைல்ஸ் தரைல நல்லா வரும், சிமென்ட் தரைல ரெண்டு சுத்துல படுத்துடும். அவரைக்காய் வாங்கும்போது ஒரு கிலோவா வாங்கிக்கோங்க, ஒவ்வொரு டேக்குக்கும் புதுசா நறுக்கணும், அன்னிக்கு ராத்திரி நாலு வீட்லயும் அவரக்காப் பொரியல்தான்.